குறை சொல்ல முடியாத மீன்

செகோப்பே,
வோல்ட்டா ஏரிக்கரை.
பிப்ரவரி 9

அன்புள்ள எசினம்,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். போன் இருக்கிற காலத்தில் காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ‘அம்மா’ என்று ஆரம்பித்தாலே உனக்கு சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. லுசாக்காவில் இருக்கிற எல்லா போனுக்கும் இந்த வியாதி உண்டா, உன்னுடையதற்கு மட்டும்தானா, தெரியவில்லை. காகிதத்துக்கு சார்ஜ் தீராது. கோபத்தில் மடித்து வைத்தாலும் சாயந்திரம் எடுத்துப் படிப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும்.

மீன்வளத்துறை டெட்டே அடுத்த வாரம் ஏதோ கூட்டத்துக்கு உன் ஊருக்கு வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட ஒரு புட்டி ஷிட்டோ மிளகாய்த் தொக்கு இருக்கும். நானே வதக்கியது. மிளகாய் கொஞ்சம் கருகிவிட்டது, சிரிக்காமல் சாப்பிடு.

இங்கே இந்த வருஷம் புழுதிக்காற்று போகவே மாட்டேன் என்கிறது. துடைத்த மேசையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அதில் பெயர் எழுதலாம். என் பட்டறையில் வேலை குறைவு. மீன் இருந்தால்தானே தீவனம் ஏற்றிக்கொண்டு படகு ஓடும், படகு ஓடினால்தானே மோட்டார் கெடும். ஏரியில் பாதி மீன் வளர்ப்புக் கூண்டுகள் வெறும் சட்டமாக மிதக்கின்றன.  பாட்டுக்குழுவில் உன் இடத்தில் ஒரு புதுப் பெண் நிற்கிறாள். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தாளம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

இப்போது சந்தோஷமான செய்தி ஒன்று. படகுத்துறைக்குப் பக்கத்தில், வலை போட்டு வைக்கும் பழைய கிட்டங்கி இருந்ததே, அதை இடித்துவிட்டு ஓர் அறை கட்டுகிறார்கள். சுவர் எழும்பிவிட்டது. வெயிலில் ஓடும் உறைபெட்டி, நுண்ணோக்கி, புது ஐஸ் பெட்டிகள், எல்லாம் வரப்போகின்றனவாம். மீன் சோர்ந்தால் இனி நேராக அக்ராவுக்கு ஓட வேண்டாம். இங்கேயே முதலில் பார்த்து, தேவையானதை மட்டும் அங்கே நீ வேலை செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நீ எத்தனை வருஷமாக இதைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாய் என்று எனக்குத்தான் தெரியும். நீ இல்லாதபோது வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சுவரைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தை விட வருத்தம்தான் அதிகமாக வந்தது.

இந்த அறையைப் பற்றிச் சொல்லத்தான் போன வியாழக்கிழமை டெட்டே தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டார். அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

உன் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் மீன் விற்கும் பெண்கள். சங்கத் தலைவி அல்லவா, நல்ல நாளுக்கு எடுக்கும் அந்த நீலத் துணியைக் கட்டிக்கொண்டு, கையில் விசிறியோடு வந்திருந்தார். நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து அவர் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? “பத்து நாட்டு ஆளுங்களுக்கு என் பொண்ணு பாடம் எடுக்கப் போயிருக்கா. மீனைத் தொட்டுப் பார்த்தே நோயைச் சொல்லுவா.” நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நீயே சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

டெட்டே பேசி முடித்ததும் அமெனுவோர் எழுந்தார். அவர் கூண்டுகளில் மீன் மொத்தமும் செத்துப்போனது உனக்குத் தெரியும். மகளை நர்ஸிங் படிப்பிலிருந்து நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார், அது உனக்குத் தெரியாது. மனுஷன் கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். “சார், போன தடவையும் இப்படித்தான் பெட்டியில மீன் குடுத்தோம். ‘நோய் ஒண்ணும் இல்ல’ன்னு தாள் வந்துச்சு. அந்தத் தாளை நம்பி இந்தக் கரையிலிருந்து குஞ்சு வாங்கி விட்டேன், வலையை இரவல் வாங்கினேன். மாசம் முடியல, கூண்டு கூண்டா வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு. உங்க லேப் தாள் இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு. என்ன பண்ணட்டும், பொரிச்ச மீன் சுத்திக் குடுக்கட்டுமா?” கூடமே சிரித்தது. பின்னால் ஒருவன், “எண்ணெயைக்கூட உறிஞ்சாது அண்ணே, மொத்தமான தாளு” என்றான்.

டெட்டே பாவம், கூட்டத்தைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற அவசரத்தில் வாயை விட்டுவிட்டார். “அண்ணே, அந்த ரிப்போர்ட் தப்புதான், நாங்களே ஒத்துக்கறோம். அந்த டெஸ்டைப் பண்ணினவங்களை அந்த வேலையிலிருந்து எடுத்தாச்சு. முதல்லேருந்து கத்துக்கிட்டு வாங்கன்னு லுசாக்காவுக்கு அனுப்பியிருக்காங்க. இனிமே அப்படி நடக்காது.” சொல்லி முடித்த பிறகுதான் முன் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

அம்மாவின் விசிறி நின்றுபோனது. எழுந்தார். “தம்பி, யாரைக் கத்துக்கிட்டு வரச் சொல்லி அனுப்பினீங்க?” என்றார். டெட்டே தரையைப் பார்த்தார். “என் பொண்ணையா? தண்டனையாவா?”  

பிறகு அம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார். “அவ கையில தப்பு இல்ல. அவ கைக்குப் போன மீன்லதான் தப்பு. இந்தத் தம்பி பிடிச்சு வெச்ச மீனை நான் மாத்திட்டேன்.”

உனக்கு இது புதிதல்ல. மீனெல்லாம் செத்த பிறகு உன்னிடம் போனில் அவரே சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு நடந்ததை அவர் வாயால் முழுதாக நானும் அப்போதுதான் கேட்டேன். டெட்டே பிடித்திருந்தது நீ சொல்லிக்கொடுத்த வகை மீன்தான். உயிர் இருக்கும், ஆனால் நீந்தத் தெம்பிருக்காது. உடம்பு கறுத்து, கண் பிதுங்கி, வயிறு உப்பிப்போன மீன். பெட்டியை உன் அம்மாவின் புகைக்கொட்டகை நிழலில் வைத்துவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற ஆளா உன் அம்மா? “நீ ரெண்டாந்தரம் ஆக்பிளே களி கேட்டு வாங்கினே பாரு தம்பி, வெண்டைக்காய்க் குழம்பு பிரமாதம்னு சொன்னியே, அப்பதான்” என்றார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா பின்பக்கமாகப் போய்த் தன்னுடைய மேல்கரைக் கூண்டிலிருந்து மீன் எடுத்து வந்து மாற்றியிருக்கிறார். பளபளவென்று, செவுள் சிவக்க, துள்ளுகிற மீன்.

மற்றபடி நீ சொன்னதில் ஒன்றையும் அவர் மீறவில்லை. குடலை எடுக்கவில்லை. உப்புப் போடவில்லை. ஐஸ் நேரடியாக மீன் மேல் படாமல் பிளாஸ்டிக் விரித்தார். சீட்டில் ஊர்ப் பெயர், தேதி எல்லாம் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். நோய் வந்த மீன் வேண்டும் என்ற ஒன்றை மட்டும்தான் அவரால் செய்ய முடியவில்லை. பெரிய இடத்துக்குப் போகிற மீன் நல்ல மீனாக இருக்க வேண்டும் என்பது நம் கரையில் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லையே எசினம். அந்தப் பெட்டியைத் தூக்கிப் படகில் வைத்தவன் நான். உன் பெயர் எழுதியிருந்ததால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் சொல்லி முடித்ததும் கூடத்தில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெட்டே நாற்காலியில் உட்கார்ந்து, “அந்தச் சாப்பாட்டை இப்பவே வாந்தி எடுத்துடலாம் போல இருக்கு” என்று முணுமுணுத்தார். அமெனுவோர் அம்மாவின் எதிரில் வந்து நின்றார். பிறகு, “அக்கா, உங்களை நான் சொந்த அக்காவா நெனச்சேன். நீங்க ஒரு பெட்டி மீனை மாத்தல, என் பொண்ணோட வாழ்க்கையையே மாத்திட்டீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பெண்களும் போனார்கள். நீலத் துணியோடு அவர் மட்டும் அந்த நீளப் பெஞ்சில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும் வழியில் அவர் கேட்டது ஒன்றுதான். “மாப்ள, நான்தான் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனே. ஆபீஸ்ல சொல்லிச் சரி பண்ணியிருப்பான்னு நெனச்சேன். ஏன் சொல்லல?” அம்மாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை அத்தை என்றேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை, “என் பேரை அவ சொல்லலையே, என் பேரை அவ சொல்லலையே” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார். ‘இனிமே எனக்காக எதுவும் செய்யாதேம்மா’ என்று நீ போனை வைத்ததையும், பார்க்காமல் விமானம் ஏறியதையும் மட்டும்தான் இத்தனை மாதமாக அவர் மனசில் வைத்திருந்தார். நீ அவருக்காகப் பழியைச் சுமந்துகொண்டு போனாய் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இதை நான் முன்பே சொல்லியிருக்கலாம். நீங்கள் இரண்டு பேரும் பிடித்த பிடிவாதத்துக்கு நடுவில் நான் வாயைத் திறக்கப் பயந்துவிட்டேன்.

டெட்டே நல்ல மனிதர். மறுநாளே அக்ராவுக்கு நடந்ததை எழுதி அனுப்பினார். தான் சாப்பிட்ட கதையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை உங்கள் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டுப் பேசினாராம். உன் ஆய்வில் பிழை இல்லை என்று எழுத்தில் வரப்போகிறது. உனக்கு வர வேண்டியிருந்த பதவி உயர்வைப் பற்றியும் மறுபடி பேசுவார்களாம். மாதிரி எடுக்கும்போது பெட்டியை யார் கையிலும் விடாமல் அங்கேயே பூட்டி முத்திரை வைக்க வேண்டும் என்று புது விதியும் போட்டுவிட்டார்கள். கரையில் அதற்குள் அந்தப் பூட்டுக்கு ‘ஆக்பிளே பூட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டெட்டே அதைக் கேட்டும் கேட்காத மாதிரி போகிறார்.

உன் பெயர் சுத்தமாகிவிட்டது எசினம்.  சந்தோஷப்படு. ஆனால் அதற்கு என்ன விலை என்றும் தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடி வேறு தலைவியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சந்தையில் அம்மாவின் தட்டுக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. புகைபோட்ட மீன் அப்படியே திரும்பி வருகிறது. தேவாலயத்தில் அவர் உட்காரும் பெஞ்சில் இடம் தாராளமாக இருக்கிறது. ஒருநாள் காலையில் அமெனுவோர் பெட்டியோடு டெட்டேயைத் தேடி வந்தார். அவர் தம்பி கூண்டில் நாலைந்து மீன் சோர்ந்து கிடந்ததாம். நோய் வந்த மீனைத்தான் கொண்டுவந்திருந்தார். அம்மா வாசலில் நிற்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். “அவன் கொண்டாந்துட்டான் பாத்தியா” என்று அம்மா என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் அந்த வாரத்தில் நான் பார்த்த ஒரே வெளிச்சம் அதுதான்.

ஒரு நாள் நானும் அவரும் புகைக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “ஏன் அத்தை அப்படிப் பண்ணினீங்க? சீக்கு மீன்தான் வேணும்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னாளே.”

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன்னைக் குத்திக்காட்ட இல்லை. உனக்குத் தெரியாது என்பதற்காக.

நீ ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் அம்மா அக்ராவுக்கு வந்தார், நினைவிருக்கிறதா? வெள்ளைக் கோட்டில் உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, விடியற்காலை பஸ் பிடித்து, தன் கையால் புகைபோட்ட மீனைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். நீ வெளியே வந்து கட்டிப்பிடித்து, மீனை வாங்கிக்கொண்டாய். உன்னோடு வேலை செய்கிற ஒரு பெண் அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்தினாளாம். நீ சிரித்துச் சமாளித்தாயாம். அம்மா கிளம்பிப் பாதி வழி போன பிறகு, தலைத்துணியை உன் அறை வாசலில் விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்பி வந்திருக்கிறார். கட்டட வாசலில் காவல்காரர் அந்த மீன் மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம் குடுத்தாங்க, நல்ல மீனு, நீங்களும் எடுத்துக்கங்கன்னு என்கிட்டயே நீட்டினான் மாப்ள. நல்ல மீனுன்னு அவனாவது சொன்னானேன்னு வந்துட்டேன். தலைத்துணியைக்கூட எடுக்கல. அவ மேல கோவம் இல்ல. படிச்ச இடம், மீன் நாத்தம் ஆகாதுன்னு நாமதான் தெரிஞ்சிருக்கணும். ஆனா அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன். இனிமே என் கையால அந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு மீன் போச்சுன்னா, அதை ஒருத்தரும் ஒரு குறை சொல்லக் கூடாது. பெட்டியைத் திறந்து பாத்தேன், கறுத்துப்போய், கண்ணு பிதுங்கிக் கிடந்துச்சு. மூடி மேல எழுதியிருக்கு என் ஊர்ப் பேரு, போறது என் பொண்ணு மேசைக்கு. அந்தப் பொண்ணு மறுபடியும் மூக்கைப் பொத்துவாளேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கல.”

 நீ ஏன் அந்த மூட்டையைக் கொடுத்தாய் என்று எனக்குப் புரிகிறது. புது வேலை, புது மனிதர்கள், உன் வயதில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அதை நீ மறந்தும் போயிருப்பாய். அவர் மறக்கவில்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு தாய் தன் மீனைப் பற்றி வெட்கப்பட்டு, ஏரி முழுக்க மீன் செத்தது. எழுதும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அவர் செய்தது சின்னத் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அமெனுவோரின் மகளை வழியில் பார்த்தால் எனக்கே தலைகுனிவாக இருக்கிறது. நீ மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அது உன் பாடு, அவர் பாடு. மன்னிப்பு என்ற சொல்லை அவரும் ஒருநாள்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தெரியாத பிறவி, நீ அவர் வயிற்றில் பிறந்தவள்தானே, உனக்குத் தெரியாதா.

ஆனால் ஒன்றை நான் சொல்லாமல் இருக்க முடியாது. தினமும் சாயந்திரம் உன் அம்மா பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறிப்போகிறார். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். முட்டியில் வலி, இருந்தும் போகிறார். வியாபாரம் பேசப் போகிறேன் என்கிறார். அவரோடு வியாபாரம் பேச இப்போது யார் இருக்கிறார்கள்? நேற்று நானும் கூடப் போனேன். மேட்டில் ஒரு கல்லில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டார். இருட்டுகிறவரை மணி அடிக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. “அத்தை, அவ கூப்பிட மாட்டா. எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இப்ப அவ பேரு சரியாயிடுச்சில்ல. மறைக்க இனிமே ஒண்ணும் இல்ல, பயமில்லாம என்னைத் திட்டலாம். திட்டுறதுக்காவது கூப்பிடுவா.”

மழையில் நனையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். என் கண்ணே, உன்னிடம் இதுவரை நான் எதுவும் கெஞ்சிக் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். திட்டுவதற்காவது ஒரு தடவை அவரைக் கூப்பிடு.

எப்போதும் உன்னுடைய,
எலிக்கெம்